பழைய மனையும் புதிய விலையும்

யாழ்ப்பாணத்தில் காணியும் வீடும் வெறும் சொத்துக்களாக எண்ணப்பட்டன அல்ல. மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது, மகனுக்கு முதுசமாக வந்தது, கணவனும் மனைவியும் பாடுபட்டுத் தேடிய தேட்டம் என ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், இந்நாட்டு வழக்கங்கள் தேசவழமை என்னும் பெயரால் தொகுக்கப்பட்டபோது, அத்தொகுப்பின் பெரும்பகுதி இவ்வுரித்துக்களைப் பற்றியதாகவே அமைந்தது. இத்தகைய நாட்டில், பெற்றோர் வாழ்ந்த பழைய வீட்டுக்கு விலை குறிப்பது எளிய செயலன்று. அதிலும், காணி விலை மாதத்துக்கு மாதம் ஏறும் காலத்தில் அது மேலும் கடினமாகின்றது.

விலை ஏன் ஏறுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 2009இல் போர் ஓய்ந்தபின் கண்டி வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2019 ஒக்டோபரில் பலாலியில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. போக்குவரத்து எளிதாக எளிதாக, வெளிநாடுகளில் வாழ்வோரின் கண் ஊர்க் காணிமீது விழுந்தது. பின்னர் 2022இல் நாணய நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறிற்று. 10,000 டொலர் வைத்திருந்தவருக்கு 20 இலட்சமாக இருந்த பணம், இரண்டு மாதங்களுள் 36 இலட்சமாயிற்று. உள்ளூரில் ரூபாய் வைத்திருந்தவரோ, பணம் கரைவதைக் கண்டு, கரையாத பொருளாகிய நிலத்தை நாடினார். இருதிறத்தாரும் ஒரே காணியைக் கேட்டால் விலை ஏறாது என் செய்யும்?

ஆகவே, ஏறிய விலை முழுவதும் காணியின் மதிப்பு உயர்ந்ததனால் வந்ததன்று. ஒரு பகுதி ரூபாயின் மதிப்புத் தாழ்ந்ததனால் வந்தது. பெற்றோர் சில ஆயிரங்களுக்கு வாங்கிய நிலத்துக்கு இன்று கோடி கிடைக்கின்றதென மகிழ்வோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

இனி, விலை குறிக்கும் முறையை நோக்குவோர் ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. நல்லூர்ப் பகுதியில் 4 பரப்புக் காணி. ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ் ஆதலால், அது 40 பேர்ச்சஸ். அஃதாவது கால் ஏக்கர். அதில் 1,800 சதுர அடியில் 70 ஆண்டுப் பழைமையுள்ள ஓட்டு வீடு. தந்தையார் காலமாகிவிட்டார். தாயார் அவ்வீட்டிலேயே வாழ்கின்றார். பிள்ளைகள் மூவருள் ஒருவர் கொழும்பில், ஒருவர் இலண்டனில், ஒருவர் ரொறன்ரோவில். அடுத்த ஒழுங்கையில் ஒரு பரப்பு 60 இலட்சத்துக்கு விலைப்பட்டது என்று தரகர் கூறுகின்றார். நான்கு பரப்புக்கு 2 கோடி 40 இலட்சம், வீட்டுக்கு வேறு ஒரு கோடி, ஆக 3 கோடி 40 இலட்சம் என்று குடும்பம் கணக்கிடுகின்றது.

இக்கணக்கில் இரண்டு வழுக்கள் உள்ளன. முதலாவது, ஒரு பரப்பின் விலையை நான்கால் பெருக்கியது. சிறு துண்டை வாங்க வல்லவர் பலர். பெருந்துண்டை வாங்க வல்லவர் சிலர். ஆதலின் சிறு துண்டுக்குப் பரப்பு வீதம் கூடுதலான விலை கிடைப்பது இயல்பு. மேலும், வீதிமுகத்தில் உள்ள பரப்பும் உள்ளே கிடக்கும் பரப்பும் ஒரு விலை பெறா. காணியைத் துண்டாடி விற்க முனைந்தால், உட்காணிக்கு வழி விடவேண்டும். அவ்வழிக்குப் போகும் நிலத்துக்கு விலை இல்லை. இவற்றையெல்லாம் கழித்துப் பரப்பு 50 இலட்சம் எனக் கொண்டால், நிலத்தின் மதிப்பு 2 கோடி ஆகும்.

இரண்டாவது வழு, வீட்டுக்கு மனம்போன விலை குறித்தது. மதிப்பீட்டாளர் இதற்கு ஒரு முறை வைத்துள்ளார்கள். அதே அளவான வீட்டை இன்று புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் செலவைக் கண்டு, வயதினாலும் பழுதினாலும் ஏற்பட்ட தேய்வை அதிலிருந்து கழிப்பார்கள். சதுர அடிக்கு 12,000 ரூபாய் எனக் கொண்டால், 1,800 சதுர அடிக்கு 2 கோடி 16 இலட்சம் ஆகும். வீட்டின் ஆயுள் 100 ஆண்டு எனவும், அதில் 70 ஆண்டு கழிந்தது எனவும் கொண்டால், எஞ்சியது நூற்றுக்கு 30 பங்கு. அஃதாவது 64 இலட்சத்து 80 ஆயிரம். நிலமும் வீடும் சேர்ந்து 2 கோடி 64 இலட்சத்து 80 ஆயிரம் வருகின்றது.

ஆயினும், அத்தொகையும் எல்லோரிடத்தும் கிடைப்பதன்று. குடியிருக்க வருபவர் வீட்டுக்கும் சேர்த்து விலை கொடுப்பார். வீட்டை இடித்து மாடி கட்ட எண்ணுபவரோ நிலத்துக்கு மட்டுமே விலை கொடுப்பார். அவருக்கு வீடு ஒரு சுமை. இடிப்புச் செலவு 6 இலட்சம் என்றும், கழற்றி விற்கும் மரம், ஓடு, கதவு, யன்னல் ஆகியவற்றால் 9 இலட்சம் வரும் என்றும் கொண்டால், அவர் கணக்கில் அந்த மனையின் மதிப்பு 2 கோடி 3 இலட்சம் மட்டுமே. ஒரே மனை, இருவர் கண்ணில் இரண்டு மதிப்பு. இடையில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட வேறுபாடு. எனவே, என்ன விலை என்று கேட்பதற்கு முன், யாருக்கு விற்பது என்று கேட்டல் வேண்டும்.

குடியிருக்க வருபவரை நாடுவதாயின், வீட்டை அவர் கண்கொண்டு பார்த்தல் நன்று. வளையிலும் கைமரத்திலும் கறையான் உளதா, சுண்ணாம்புச் சாந்து உதிர்கின்றதா, மழைக்கு ஒழுகுகின்றதா என்பவற்றை மேசனையும் தச்சனையும் கொண்டு அறியலாம். கிணற்றைப் பற்றியும் அவர் கேட்பார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ் நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களூடே ஓடுவது. மலசலகூடக் குழி கிணற்றுக்கு அணித்தாயின் நீர் மாசுறும். கிணறு நன்னீரா உவர் நீரா, தனிக் கிணறா பங்குக் கிணறா, ஒழுங்கையில் வாகனம் வருமா, வழி வாய்க்கால் உரித்து உறுதியில் எழுதப்பட்டுள்ளதா என்பனவெல்லாம் விலையை ஏற்றவும் இறக்கவும் வல்லவை. சிறு பழுதுகளைத் திருத்துவது பயன் தரும். பெருஞ் செலவில் வீட்டைப் புதுப்பித்து, அச்செலவை விலையில் மீட்கலாம் என்று எண்ணுவது பெரும்பாலும் பொய்த்துப்போகும்.

அயலிலுள்ள விற்பனைகளை ஒப்புநோக்கும்போது, கேட்கப்பட்ட விலையையும் கொடுக்கப்பட்ட விலையையும் வேறு பிரித்தல் வேண்டும். விளம்பரத்திலும் தரகர் வாயிலும் உலாவுவது கேட்கப்படும் விலை. உறுதி முடிந்து பணம் கைமாறிய விலையே சான்றாகும். ஆனால், முத்திரைத் தீர்வையைக் குறைக்கும் பொருட்டு உறுதியில் குறைந்த தொகை எழுதும் தீய வழக்கமும் உண்டு. ஆகவே காணிப் பதிவகத்தில் உள்ள தொகையை மட்டும் நம்புதலும் ஆகாது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்பீடு பெற்று, இரண்டும் வேறுபடுமிடத்துக் காரணம் கேட்டறிவதே தக்கது. அதற்காகும் கட்டணம், பிழையாக விலை குறிப்பதால் வரும் நட்டத்தோடு ஒப்பிடச் சிறியதாகும்.

விலை ஏறும் காலத்தில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்கும் என்பது ஒரு மயக்கம். மிகுந்த விலை குறித்த வீடு முதல் மாதத்தில் பார்க்கப்படும். இரண்டாம் மாதத்தில் பேசப்படும். ஆறாம் மாதத்தில் அவ்வீட்டில் என்ன குறையோ என்று ஐயுறப்படும். பின்னர் விலையைக் குறைத்தாலும் அவ்வையம் நீங்காது. இதற்கு மறுதலையாக, முதல் வந்தவர் கேட்ட விலைக்கே உடனே உடன்பட்டாராயின், குறித்த விலை குறைவோ என்று விற்பவர் எண்ணவேண்டும். மதிப்பீட்டுக்குச் சிறிது மேலாகக் குறித்து, இதற்குக் கீழ் கொடுப்பதில்லை என்னும் எல்லையைக் குடும்பத்தார் முன்னரே தம்முள் ஒத்து வைத்துக்கொள்வது பேரம் பேசுகையில் துணைசெய்யும்.

உரித்தில் ஐயம் இருப்பின் எவ்விலையும் நில்லாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்கள் உறுதிகளை இழந்தன. அத்தகையோர் காணிப் பதிவகத்தில் உள்ள பிரதியைப் பெறுதல் வேண்டும். தந்தையார் பெயரிலேயே கிடக்கும் காணியின் உரித்து, பிள்ளைகளுக்கு எவ்வாறு இறங்கிற்று என்பதை நொத்தாரிசு ஆராயவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். வாய்ச்சொல்லையும் கைத்துண்டையும் நம்பி முற்பணம் வாங்குவதும் கொடுப்பதும் வழக்குக்கு வித்திடுவன.

தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின், 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றும் நினைவிற்குரியது. விற்பவரோடு பங்குள்ளோருக்கும், அவர் மரணசாதனம் எழுதாது இறப்பின் உரித்தாளராகக் கூடியோருக்கும், அக்காணியை முதலில் வாங்கும் உரிமையை அச்சட்டம் அளிக்கின்றது. அவர்களுக்கு முறைப்படி அறிவியாது பிறருக்கு விற்றால், விற்பனை நீதிமன்ற வாயிலை மிதிக்க நேரும். உறவினரை வெருட்டுவதற்கென ஒரு விலையும், வெளியாருக்கு வேறொரு விலையும் கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். வாங்குபவர் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உடையவராயின், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, காணியை அவருக்குக் கைமாற்றுவதைத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை உடையவருக்கு அத்தடை இல்லை. மிகுந்த விலை சொல்பவர் வாங்க உரிமையுள்ளவரா என்பதும் அறியத்தக்கது.

வரியும் விலையோடு சேர்த்து எண்ணற்பாலது. மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் மீண்டும் வந்தது. 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிக்கு முன்னரே கைவசம் இருந்த காணிக்கு, அத்திகதியில் இருந்த சந்தை மதிப்பே அடக்க விலையாகக் கொள்ளப்படும். ஆகவே, இன்றைய மதிப்பை எழுதும் மதிப்பீட்டாளரிடம் அந்நாள் மதிப்பையும் எழுதிப் பெறுதல் சிக்கனமாகும். மூன்று ஆண்டு தொடர்ந்து உரித்துடையவராயும், அதில் இரண்டு ஆண்டேனும் அங்குக் குடியிருந்தவராயும் உள்ளவரின் பிரதான வதிவிடத்துக்கு விலக்கு உண்டு. மேற்கூறிய எடுத்துக்காட்டில் தாயாரின் பங்கு இவ்விலக்கைப் பெறக்கூடும். இலண்டனில் வாழ்பவரின் பங்கு பெறாது. எனவே சமபங்கு என்று பிரித்தாலும் கையில் எஞ்சுவது சமமாகாது. இதனை முன்கூட்டியே பேசித் தெளிந்தால் பின்னர் மனத்தாங்கல் இராது.

இவ்வளவும் விலையைப் பற்றியன. விற்பதா என்பது வேறு கேள்வி. அவ்விரண்டையும் ஒன்றாக்கும்போதே குடும்பங்கள் இடர்ப்படுகின்றன. வீட்டில் வாழும் தாயார் பின்னர் எங்கே வாழ்வார்? வேறு வீடு வாங்குவதாயின், ஏறிய விலையில் விற்றவர் அதே ஏறிய விலையில் வாங்கவும் வேண்டும். ஆதாயம் அங்கே கரைந்துவிடும். வங்கியில் இட்டு வட்டியில் வாழ்வார் எனின், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக நின்றதை நினைத்துப் பார்க்கவேண்டும். அத்தகைய ஆண்டு ஒன்று வருமாயின், முதியவர் ஒருவரின் சேமிப்பு எந்த வட்டியாலும் தாங்கப்படாது. பிள்ளைகளோடு வெளிநாடு செல்வார் எனின், அங்குள்ள குளிரும் தனிமையும் அவருக்கு ஒத்துவருமா என்பதை அவரிடமே கேட்கவேண்டும்.

வழிகள் இல்லாமலில்லை. வீடும் 2 பரப்பும் தாயாருக்கு நிற்க, எஞ்சிய 2 பரப்பை நில அளவையாளரைக் கொண்டு பிரித்து, உள்ளூராட்சிச் சபையின் அனுமதியோடு விற்கலாம். பிள்ளைகளுள் ஒருவர் மற்றவர் பங்குகளை மதிப்பீட்டு விலைக்கே வாங்கி, தாயாருக்குச் சீவிய உருத்தை உறுதியில் எழுதி வைக்கலாம். தரகுக் கூலி இல்லை என்பதனால் அவ்விலை சிறிது குறையினும் எவருக்கும் நட்டமில்லை. அன்றி முழுவதையும் விற்பதே நல்லதெனக் காணின், தாயாருக்கு வேறோர் உறைவிடம் உறுதியானபின் விலை பேசலாம்.

பெற்றோர் நட்ட மாமரத்துக்கும், பிள்ளைகள் எழுதப் பழகிய விறாந்தைக்கும் வாங்குபவர் பணம் தரமாட்டார். அவற்றை விலையில் சேர்ப்பதனால் விற்பனை தடைப்படுமேயன்றி, நினைவு காக்கப்படாது. நினைவு பெரிதாயின் விற்காதிருத்தலே முறை. விற்பதென்று துணிந்தால், நிலத்தை நிலமாகவும் வீட்டை வீடாகவும் அளந்து, பங்காளர் அனைவரும் அறியக் கணக்கை எழுதி, அதில் முதலாவது பங்காக அங்கே இன்று விளக்கேற்றும் முதியவரின் எஞ்சிய நாட்களுக்கு வேண்டிய தொகையை ஒதுக்குதல் வேண்டும். மீதியே பிள்ளைகள் பிரித்துக்கொள்ளத் தக்கது.