கியர் பாக்ஸ் ஏறும் முன்

ராஜா அண்ணாமலைபுரத்தின் உள்தெருக்களில், பழைய வீட்டுப் போர்ட்டிகோக்களில் உறை போர்த்திய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படும். 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் நம்மவர்கள் செய்த கார். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அந்தக் காரின் கியர் பாக்ஸை மறுபடி ஏற்றுமுன் ஆயில் சீல்களை மாற்றும் வேலை பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஹெரால்டில் கியர் பாக்ஸ் காருக்குள்ளிருந்துதான் வெளியே வரும். முன் சீட்டுகளைக் கழற்றி, நடுமூடியை எடுத்து, இன்ஜினிலிருந்து பிரித்துத் தூக்க வேண்டும். சீலின் விலையோ சொற்பம். அவ்வளவு பாடுபட்டு இறக்கியதைப் பழைய சீலோடு ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்பக்கம் கசிந்தால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறும், கிளட்ச் வழுக்கும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

நின்றே கிடக்கும் காரில் சீல் இன்னும் சீக்கிரம் கெடும். ஷாஃப்ட் சுழன்றால்தான் சீலின் உதட்டுக்கு எண்ணெய் எட்டும். இல்லாவிட்டால் ரப்பர் விறைத்துப்போகும், கடற்காற்றில் ஷாஃப்டும் துருவேறும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதே, அப்படி வெள்ளத்தில் மூழ்கும் வண்டிகளில் காற்று போய்வரும் ப்ரீதர் துளை வழியே தண்ணீர் இறங்கி ஆயில் பால்விட்ட காபி நிறமாகிவிடும்.

நல்ல மெக்கானிக் புது சீலை எடுக்குமுன் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பழைய உதடு தேய்த்த பள்ளம் தட்டுப்பட்டால், புதியதைச் சற்றுத் தள்ளி உட்கார வைப்பார், அல்லது மெல்லிய ஸ்லீவ் ஏற்றுவார். உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். அதில் கிரீஸ் தடவி, ஷாஃப்டின் பற்கள் கிழிக்காதபடி டேப் சுற்றி, கோணாமல் தட்டி இறக்குவார். சில பழைய பிரிட்டிஷ் கியர் பாக்ஸ்களில் முன்பக்கம் சீலே கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பும் சுருள் காடிதான். அங்கே சீல் தேடி அலைவது வீண்.

இந்த வேலையில் நான் முதல் மதிப்பெண் தருவது ப்ரீதரைச் சுத்தம் செய்கிறவருக்கு. அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புத்தம்புது சீலையும் தாண்டி ஆயில் வெளியேறும். சீல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். கேஸ்கெட்டுக்குப் பதில் பசையை அள்ளி அப்புவதும் தவறு. பிதுங்கும் துணுக்குகள் உள்ளே விழுந்து ஆயிலில் மிதக்கும்.

பழைய சீலைக் கையோடு எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து வாங்குங்கள். பித்தளை வளையங்கள் உள்ள பெட்டி இது. அதனால் ஜிஎல்-4 ஆயிலே கேளுங்கள். ஊற்றியபின் ஓர் இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் ஏற்றச் சொல்லுங்கள்.