விளையாடும் முன் இருபது நிமிஷம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப்போட்டு வந்த களைப்போடு இருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறோம்.

பின்னேரமானால் நம்ம பிள்ளைகள் உதைபந்தாட்டத்துக்கு ஓடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை நொண்டிக்கொண்டு லயத்துக்கு வந்தால், "விளையாட்டுன்னா அடிபடத்தானே செய்யும்" என்று நாமே விட்டுவிடுகிறோம். அந்தப் பேச்சு முழுக்கச் சரியில்லை.

நோர்வே நாட்டில் 2007ஆம் ஆண்டு, 13 முதல் 17 வயது வரையான ஏறக்குறைய 1,900 பெண்பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினர் ஆட்டத்துக்கு முன் 20 நிமிஷப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல ஆடினார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 'பதினொன்று பிளஸ்' என்று ஃபிஃபா பரப்பிய பயிற்சி அதுதான்.

இதுக்குக் காசு வேண்டாம். முதல் 8 நிமிஷம் மெதுவான ஓட்டம். அடுத்த 10 நிமிஷம், முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராக வைத்திருப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, பாதி குந்தி எழும்புவது, குதிப்பது. கடைசி 2 நிமிஷம் வேகமான ஓட்டம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. முழங்கால் நார் அறுவது பெரும்பாலும் ஆள் மோதி அல்ல. இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும்தான். வாரத்தில் இரண்டு தடவையாவது செய்யுங்கள்.

மைதானத்தில் கல், போத்தல் ஓடு கிடந்தால் பொறுக்கிவிடுங்கள். கோல் கம்பத்தை ஆட்டிப் பாருங்கள். சாய்ந்து விழுந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு நீவாதீங்க, வீக்கம் கூடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வளரும் பிள்ளையின் எலும்பு நுனி இளசு. சுளுக்கு என்று நாம் நினைப்பது முறிவாகவும் இருக்கலாம்.

தலையில் அடிபட்டு, தலைசுற்றல், தலையிடி, தடுமாற்றம் இருந்தால் அன்றைக்குத் திரும்ப இறக்கவே வேண்டாம். "எனக்கு ஒன்னுமில்ல அண்ணே, ஆடுறேன்" என்று பிள்ளை கெஞ்சும். கேட்காதீங்க. வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், நினைவு தப்பினால், தலையிடி கூடிக்கொண்டே போனால் 1990 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஒரு மெட்ச் போனால் அடுத்த ஞாயிறு இன்னொன்று வரும். பிள்ளையின் முழங்காலும் தலையும் அப்படித் திரும்ப வராது. ஆகவே, டீம் கெப்டன்மாரே, இந்த ஞாயிறே அந்த இருபது நிமிஷத்தைத் தொடங்குங்கள். பெற்றோரே, மைதான ஓரத்தில் நின்று கவனியுங்கள்.