மாதாமாதம் வரும் அந்த வலி

ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதனால்தான் எவ்வளவு வலித்தாலும் இரண்டு பெனடோலை பிளேன்டீயோடு விழுங்கிவிட்டு, படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெண்கள் மலையேறுகிறார்கள். வீட்டுக்குத் தூரமானால் வலிக்கத்தான் செய்யும், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறோம்.

எல்லா வலியும் அப்படிச் சரியாகிவிடுவதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்றொரு நோய் இருக்கிறது. கருப்பையின் உட்சுவரில் உள்ளது போன்ற திசு, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளர்ந்துவிடும். மாதவிடாய்க் காலத்தில் அதுவும் வீங்கி இரத்தம் கசியும். அந்த இரத்தம் வெளியேற வழியில்லை. உள்ளே புண்ணாகித் தழும்பேறி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது புற்றுநோய் அல்ல, தொற்றாது. யாரும் வைத்த செய்வினையும் அல்ல.

மாத்திரை போட்டும் நிமிர்ந்து நிற்க முடியாத வலியா? தூரமாவதற்குச் சில நாள் முன்பே தொடங்கி, நின்ற பிறகும் தொடர்கிறதா? கவனியுங்கள். அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போதும் வலிக்கலாம். மலையில் கழிப்பறை இல்லாமல் அடக்கி வைத்ததால் வந்தது என்று அதை விட்டுவிடாதீர்கள். கணவனோடு சேரும்போது வலிப்பதைப் பெண்கள் வாய்திறந்து சொல்வதே இல்லை. பிள்ளை தங்காததற்கும் இந்த நோய் காரணமாக இருக்கலாம். ஆனால் லயத்தில் பழி விழுவது அவள் தலையில்தான். அது எனக்குப் பொறுக்க முடியாத கொடுமை.

டிஸ்பென்சரியில் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொன்னால், காஸ்ட்ரைட்டிஸ் மாத்திரையோடு திரும்ப நேரலாம். சுவரில் தொங்கும் கலண்டரில் தூரமான நாளையும் வலித்த நாளையும் குறித்து வையுங்கள். இரண்டு, மூன்று மாதக் குறிப்பை மிட்வைஃப் மிஸ்ஸிடமோ சுகவனிதையர் கிளினிக்கிலோ காட்டி, வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் பெண்நோயியல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். ஹோர்மோன் மாத்திரை உண்டு, தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையும் உண்டு.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். இந்த நோய் பலருக்கு ஸ்கேனில் தெரியாது. வலி நிற்காவிட்டால் மறுபடியும் போங்கள், அதே கலண்டரோடு. தனியாகப் போகத் தயக்கமென்றால் அம்மாவையோ அக்காவையோ, முடிந்தால் கணவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.