பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

வேலை முடிந்து அவசரமாய்க் குளித்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, பரிசுக்குக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

வாத்தியார் படிப்பைப் பற்றித்தானே பேசுவார் என்று நினைப்பீர்கள். இன்றைக்கு நான் பூங்காவைப் பற்றிப் பேசப் போகிறேன். "எழுந்தால் மரம், படுத்தால் மரம், நமக்கு எதற்கு ஐயா பூங்கா?" என்று சிரிக்காதீர்கள். செம்பனைக் காட்டுக்குள் பிள்ளையை விளையாட விட முடியுமா? முள்ளும் பாம்பும்தான் அங்கே.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம்மவர்கள் பால் வெட்டிய இடம். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, 1980-களின் தொடக்கத்தில் தொழிலாளர்களை அருகிலேயே நீண்ட வரிசை வீடுகளில் குடியமர்த்தினார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் 40 ஆண்டையும் தாண்டியது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

பக்கத்திலே தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா, ஏறக்குறைய 25 ஏக்கர். அதில் பாதியளவு இடத்தில் வானுயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி கொடுக்கப்பட்டது. தோட்டத்து மக்களுக்கும் அதிலேயே வீடு தருகிறோம் என்றார்கள். சிக்கலைப் பாருங்கள்! பூங்காவைக் கேட்டால் ஏழை வீட்டைத் தடுத்த பழி. வீட்டைக் கேட்டால் பூங்கா போச்சு.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வரிசை வீடு இருக்கிற நிலத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்பது அவர்கள் பேச்சு. நாற்பது வருஷம் காத்திருந்தவன், "எங்கே கட்டினாலும் சரி, எனக்கு வீட்டைக் கொடு" என்று சொன்னால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நகரத் திட்டத்தில் பூங்கா என்று குறித்ததை நினைத்தபடி மாற்ற முடியாது. அந்தத் திட்டம் மட்டும் இல்லாவிட்டால் எதைக் காட்டி வழக்காடுவது?

இப்போது நம் பள்ளித் திடலுக்கு வருகிறேன். அது யார் பேரில் இருக்கிறது? வரைபடத்தில் திடல் என்றுதான் போட்டிருக்கிறதா? எனக்கே தெரியாது. ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது நாமும் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருக்கிறதே!

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். போன மாதம் வேலி ஓரம் நட்ட கன்றுகளில் மூன்று ஆட்டு வயிற்றுக்குள் போய்விட்டன. ஆட்டுக்காரர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொல்லவில்லை. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோத்தோங் ரோயோங். மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டி கொண்டு வாருங்கள். ஆட்டுக்காரர் வேலிக் கம்பி கொண்டு வரட்டும்.