கல்யாணப் படமும் ஏழாவது அடியும்

(நகரியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

 

கல்யாணம் நிச்சயமானதும் சத்திரம், சமையல், சாஸ்திரிகள் எல்லாவற்றையும் பல மாதம் முன்பே பேசி முடித்துவிடுகிறோம். போட்டோக்காரரிடம் மட்டும் முன்பணத்தைக் கொடுத்து, "நன்னா எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அது போதாது.

நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கத்துப் போட்டோக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் அதிகம் எடுப்பது தெலுங்குக் கல்யாணம். அங்கே சரியான முஹூர்த்த வேளையில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைப்பார்கள். கேமரா அதற்குத்தான் தயாராக நிற்கும். நம் வழக்கத்தில் பெண் தகப்பனார் மடியில் உட்கார, மாங்கல்யதாரணமே முஹூர்த்தம். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்றவை நாத்தனார். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே விரதம் முதல் நலங்கு வரை, என்ன சடங்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யார் நிற்பார்கள் என்று ஒரே தாளில் எழுதுங்கள். அதைச் சாஸ்திரிகளிடம் காட்டிச் சரிபார்த்து, போட்டோக்காரருக்கும் வீடியோக்காரருக்கும் ஒரு வாரம் முன்பே கொடுங்கள். அவர் ஒருமுறை சத்திரத்துக்கு வந்து, ஹோம குண்டம் எங்கே, புகை எந்தப் பக்கம் போகும், விளக்கு எங்கே வைப்பது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாலி கட்டியானதும் அக்ஷதை போட்டுவிட்டுப் பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுகிறோம். போட்டோக்காரரும் டிபனுக்குப் போய்விடுகிறார். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை பெண்ணின் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து ஏழு அடி வைக்கச் செய்கிறார். 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாஹச் சட்டம் 7-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சப்தபதி உள்ள முறையில் நடக்கும் விவாஹம், ஏழாவது அடி வைத்தபோதுதான் பூர்த்தியாகிறது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், உரிய சடங்கு நடக்காமல் வாங்கிய சான்றிதழ் மட்டும் விவாஹத்தை உண்டாக்காது என்று தீர்ப்பளித்தது. நாளைக்கு வெளிநாட்டிலோ கோர்ட்டிலோ கேள்வி வந்தால் அந்த ஏழு அடிகளின் படம் பேசும். எனவே தாளில் "சப்தபதி" என்பதைச் சிவப்பு மையில் எழுதி, அதன் பிறகுதான் டிபன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் படத்துக்காகச் சடங்கு நிற்கக் கூடாது. "சாமி, இன்னொரு தடவை தாலியைத் தூக்கிக் காட்டுங்க" என்று முஹூர்த்தத்தில் குரல் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். கேமராக்காரர்களின் முதுகைத்தான் பெரியவர்கள் தரிசித்தார்கள்! மேடைமேல் இருவருக்கு மேல் ஏறக் கூடாது, அக்னிக்கும் தம்பதிக்கும் நடுவே வரக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மணமக்கள் தனிப் படங்களை முதல் நாள் மாலையே முடித்துக்கொள்ளலாம்.

கல்யாணம் ஆனதும் திருமலைக்கோ நாராயணவனத்துக்கோ தம்பதியை அழைத்துப் போவது நம் பக்கத்து வழக்கம். திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கும் செல்போனுக்கும் இடமில்லை. மலைமேல் ட்ரோன் பறக்கவிடவும் தடை உண்டு. மற்றக் கோயில்களில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எடுப்பதே மரியாதை.

பணம் கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நாமே முதல் உரிமையாளர். இது 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு. எனவே கையெழுத்துப் போடும் முன் தாளைப் படியுங்கள். நம் பெண் படத்தை விளம்பரத்துக்குப் போடலாமா என்பதையும், ஆல்பம் மட்டுமின்றி மூலப் படங்கள் எல்லாம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வந்ததும் மூன்று பிரதி செய்து, அதில் ஒன்றை வேறு ஊரில் உள்ள பிள்ளை வீட்டில் வையுங்கள். 1990-களின் வீடியோ கேசட்டுகள் எத்தனை வீட்டில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன! வி.சி.ஆர். உற்பத்தியே 2016-இல் நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்கும் சிரஞ்சீவி அல்ல. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள். நல்ல தாளில் ஐம்பது படமாவது அச்சிட்டு வையுங்கள். அதைப் பார்க்க எந்த மெஷினும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வந்திருக்கும் தாத்தா, பாட்டி, அத்தைப்பாட்டி பெயர்களை எழுதி, அவர்களை அடையாளம் காட்ட வீட்டுப் பையன் ஒருவனைப் போட்டோக்காரரோடு அனுப்புங்கள். அவர்கள் மேடை ஏறி வரமாட்டார்கள், யாரையும் கூப்பிடவும் மாட்டார்கள். அடுத்த கல்யாணத்தில் அவர்கள் எல்லோரும் இருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பதியை அவர்கள் பக்கத்தில் அழைத்துப் போய் ஒரு படம் எடுங்கள்.