மேற்சூற்பையும் கீழ்ச்சூற்பையும்

  

கத்தரிக்காயையும் கொய்யாக்காயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கத்தரியில், காம்பையொட்டிப் பச்சைத் தொப்பிபோல் புல்லி கவிந்திருக்கிறது. கொய்யாவிலோ அப்புல்லி காம்புக்கு நேரெதிரே, காயின் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மாதுளையின் நுனியில் முடி சூட்டினாற்போல் நிற்பதும் அதுவே. ஒரே உறுப்பு ஒன்றில் அடியிலும் மற்றொன்றில் நுனியிலும் நிற்பானேன்? பூவில் சூற்பை அமைந்த இடமே இதற்குக் கரணியம்.

பூத்தளத்தின் உச்சியில் சூற்பை தனித்து அமர, புல்லியும் அல்லியும் தாதுத்தாளும் அதன் அடியினின்று கிளம்புமாயின் அது மேற்சூற்பை. கத்தரி, வெண்டை, செம்பருத்தி, கடுகு ஆகியன இவ்வகை. சூற்பை கீழே புதைந்து சுற்றுச் சதையோடு ஒன்றிப்போக, மற்றவை அதன் தலைமேலிருந்து கிளம்புமாயின் அது கீழ்ச்சூற்பை. கொய்யா, மாதுளை, வாழை, சுரை, பூசணி ஆகியன இவ்வகை. பூசணியின் பெண்பூ விரியுமுன்பே அதன் கீழே சிறு பிஞ்சு உருண்டு நிற்கும். அதைக் கண்டே உழவர் ஆண்பூவையும் பெண்பூவையும் பிரித்தறிகின்றனர். கல்லூரி வாயிலை மிதியாதவர்க்கும் கீழ்ச்சூற்பை தெரியும், பெயர்தான் தெரியாது!

இவ்வேறுபாட்டை வகைப்பாட்டுக்கு அடிப்படையாக்கியவருள் தலையாயவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் இலோரான் தெ சூசியூ. 1789ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், தாதுத்தாள் சூலகத்தின் கீழே பொருந்துகிறதா, சுற்றிப் பொருந்துகிறதா, மேலே பொருந்துகிறதா என்று அவர் பார்த்தார். ஐப்போகைனசு, பெரிகைனசு, எப்பிகைனசு என்னும் கிரேக்க வழிச் சொற்கள் அப்பார்வைக்குரியவை. 1862 முதல் 1883 வரை பெந்தாமும் ஊக்கரும் வெளியிட்ட பெருநூலிலும், இதழிணைந்த பூக்களுள் கீழ்ச்சூற்பை உடையவை தனி வரிசையாயின.

மாணவன் இடறி விழும் இடம் இனித்தான் வருகிறது. ஒரு பெயர் சூற்பையின் இடத்தைச் சொல்கிறது. மற்றது ஏனை உறுப்புகளின் இடத்தைச் சொல்கிறது. ஆகவே சூற்பை மேலிருக்கும் கத்தரிப்பூவே ஐப்போகைனசு, அஃதாவது 'கீழ்' என்னும் முன்னொட்டுடைய பூ! இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் 'சூலகக் கீழ்மலர்' என்று பாடநூலில் எழுதினர். அதைப் படிக்கும் பிள்ளை, சூலகம் கீழே உள்ள மலர் என்றுதானே கொள்ளும்? உண்மை நேர்மாறு. கிரேக்கத்திலிருந்த குழப்பம் தமிழுடை உடுத்து வந்ததேயன்றித் தீரவில்லை.

சூல் என்பதோ கருவுற்ற பெண்ணுக்கும் நீருண்ட முகிலுக்கும் கதிர் பொதிந்த நெற்பயிருக்கும் ஒருங்கே வழங்கும் பழஞ்சொல். அத்தகைய சொல் கையிருக்க, மேற்சூற்பைப் பூ, கீழ்ச்சூற்பைப் பூ என்று ஒரே நிலையினின்று பெயரிட்டால் மனப்பாடத்துக்கு வேலையில்லை.

எஞ்சுவது 'பெரிகைனசு'. முளரி எனப்படும் ரோசாப்பூவை நெடுக்காக அரிந்தால் ஒரு கிண்ணம் தெரியும். அதன் விளிம்பில் புல்லியும் அல்லியும் தாதுத்தாளும் நிற்க, உள்ளே சூலகங்கள் தனித்தனியே இருக்கும். பிளம், பீச்சு மரப் பூக்களிலும் கிண்ணமுண்டு, சூலகம் ஒன்றே. இவற்றைப் 'பாதிக் கீழ்' என்று எழுதும் நூல்களும் உள. அது பொருந்தாது. சூழ்ந்து நிற்பது வேறு, ஒட்டிப்போவது வேறு. கிண்ணத்தோடு ஒட்டாத சூற்பை, பள்ளத்தில் இருப்பினும் மேற்சூற்பையே. பூவைக் கிண்ணப்பூ என்க. பாதி ஒட்டியதற்கு மட்டும் பாதிக்கீழ்ச் சூற்பை என்னும் பெயரை வைத்துக்கொள்க.