வேலியும் விரதமும்

(பகவான் மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)



இல்லறத்தாரின் அகிம்சை குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். யான் ஆகமம் கற்ற பண்டிதன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து வேளாண் குடும்பத்தில் பிறந்து, ஒரகடம் தொழிற்பேட்டையில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, அங்கேயே ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கிப் பயிரிடுபவன். ஆகவே எலி, மரநாய், மயில், காட்டுப்பன்றி ஆகிய நான்கு உயிர்களோடு எனக்குள்ள வழக்கையே இந்த அவையின் முன் வைக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் மற்றொன்று வந்தது. அவற்றைத் தொடர்ந்து வந்தவை பல. புதரும் மேய்ச்சல் நிலமுமாய்க் கிடந்தவை சுற்றுச்சுவருக்குள் சென்றன. அங்கு வாழ்ந்த உயிர்கள் எங்கே போகும்? எஞ்சியிருக்கும் ஏரிக்கரைகளிலும் காப்புக்காட்டுத் துண்டுகளிலும் பகலைக் கழித்துவிட்டு, இரவில் எங்கள் வயலுக்கு வருகின்றன. தொழிலாளர் விடுதிகளின் பின்புறம் கொட்டப்படும் எச்சில் சோறு அவற்றுக்கு முதற்பந்தி. என் நிலக்கடலை இரண்டாம் பந்தி. பன்றி நம் எல்லைக்குள் புகுந்ததென்று சொல்லும் முன், யார் எல்லைக்குள் யார் புகுந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இம்சையை ஆரம்பம், உத்தியோகம், விரோதி, சங்கற்பம் என நம் ஆசிரியர்கள் நான்காக வகுத்துள்ளனர். சமைத்தலிலும் பெருக்குதலிலும் நேர்வது முதலாவது. தொழிலில் நேர்வது இரண்டாவது. தற்காப்பில் நேர்வது மூன்றாவது. கொல்லவேண்டுமென்று எண்ணிக் கொல்வது நான்காவது. இல்லறத்தான் நான்காவதை அறவே விட வேண்டும்; ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். ஏர் உழும்போது மண்புழு மடிவதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மவரில் பலர் விரோதி இம்சை என்னும் சொல்லை ஓர் உரிமச் சீட்டாகக் கையில் வைத்திருக்கின்றனர். பயிரைத் தின்னும் எலி நம் விரோதியாம். ஆகவே நஞ்சு வைக்கலாமாம். எலி நம்மை எதிர்த்துப் படை கொண்டு வரவில்லை. அது பசிக்கு உண்கிறது. நாம் திட்டமிட்டு, கடைக்குச் சென்று, விலை கொடுத்து வாங்கி, மாவில் பிசைந்து வைக்கிறோம். இது சங்கற்பம் அல்லாமல் வேறென்ன? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை நம் மாநில அரசே தடை செய்துள்ளது. மனித உயிர்கள் பல அதனால் போனதே காரணம்.

'கொல்லவில்லை, பிடித்துத்தானே வைக்கிறேன்' என்பாருக்கும் ஒரு சொல். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவை மாட்டுக்காகச் சொல்லப்பட்டவை என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். இன்று கடைகளில் விற்கும் பசைப்பலகையைப் பாருங்கள். அதில் ஒட்டிய எலி அசைய முடியாமல், தோல் கிழிந்து, உணவும் நீருமின்றி நாள் கணக்கில் கிடந்து சாகிறது. ஐந்தில் மூன்று குற்றங்கள் ஒரே அட்டையில் அடங்கிவிட்டன.

மரநாய் விஷயத்தில் இதை நானே அனுபவத்தில் கற்றேன். பம்பு செட்டு அறையின் ஓட்டுக்கூரையில் ஒன்று குடியேறியது. இரவெல்லாம் ஓசை, பப்பாளி பழுத்தால் எனக்கு முன் அது உண்டுவிடும். கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாம் என்று பலரும் அறிவுரை கூறினர். கூரைக்குள் குட்டிகள் இருந்தால் என்னாகும் என்று என் துணைவியார் கேட்டார். ஏறிப் பார்த்தேன்; கண் திறவாத மூன்று குட்டிகள். தாயைப் பிடித்து அகற்றியிருந்தால், உணவைத் தடுத்தல் என்னும் ஐந்தாம் குற்றத்தை முழுமையாகச் செய்தவனாவேன். மேலும் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. நம் விருப்பம்போல் பிடித்து இடம் மாற்ற நமக்கு உரிமையில்லை. குட்டிகள் வளர்ந்து தாயுடன் வெளியேறும்வரை இரண்டு மாதங்களுக்கு மேல் பொறுத்தோம். பின்னர் ஓரிரவு அவை இரைதேடப் போன பிறகு, உள்ளே எதுவும் இல்லையென்று விளக்கடித்துப் பார்த்து, ஓட்டின் இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்தோம். தென்னை மரங்களுக்கு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழ அகலத் தகரப்பட்டை சுற்றினோம். எலியும் மரநாயும் அதில் ஏற முடியாமல் வழுக்கித் திரும்பும். பக்கத்து மரத்தின் மட்டையோ கிளையோ தொடாதிருக்க வேண்டும். தொட்டால் பட்டை பயனற்றது.

எலிக்கு வரப்பே வீடு. அகன்ற, புல் மண்டிய வரப்பில்தான் அது வளை தோண்டும். வரப்பை ஒடுக்கிப் புல்லை அகற்றியதும் வளைகள் வெகுவாகக் குறைந்தன. நெல்லை நம் பாட்டனார் உயரமான கல்லின்மேல் குதிர் வைத்துக் காத்தார். நான் தகர டிரம்மில் வைக்கிறேன்.

மயிலிடம் நான் தோற்றேன். அதைவிடப் பெரிய தவறும் இழைத்தேன். விதைத்த கடலையை மயில்கள் கிளறியபோது, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நைலான் வலையை வயலோரம் கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அதில் ஒரு சாரைப்பாம்பு சிக்கி, திமிறித் திமிறி இறந்து கிடந்தது. ஓர் ஆண்டில் எத்தனையோ எலிகளை உண்டு எனக்குத் துணைநின்றிருக்கும் உயிர் அது. கொல்ல எண்ணவில்லை என்பது உண்மையே. ஆயினும் அது கவனமின்மை, அதாவது பிரமாதம். பிரமாதத்தால் உயிரைப் பறிப்பதே இம்சை என்பதன்றோ இலக்கணம்? அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் சொற்கள் எளிதில் வரவில்லை. வலையை அவிழ்த்து எரித்துவிட்டேன். இப்போது பளபளக்கும் நாடாக்களைக் கட்டியிருக்கிறேன். ஒரு வாரம் அஞ்சிய மயில்கள் பிறகு அதன் கீழேயே உலவுகின்றன. முளை வரும்வரை காவலிருப்பதொன்றே பலன் தந்தது.

இனிக் காட்டுப்பன்றி. ஒரே இரவில் பத்து சென்ட் கடலையைப் புரட்டிவிடும். இதற்காகச் சிலர் மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் பாய்ச்சுகின்றனர். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டதையும், இரு குட்டிகள் தாயை இழந்து நின்றதையும் நாளிதழ்களில் கண்டோம். மனிதரும் இவ்வாறு மாண்டுள்ளனர்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எங்கள் ஊரில் உடனே ஒரு மனு எழுதப்பட்டது. எங்கள் நிலங்கள் மூன்று கிலோமீட்டருக்கு உள்ளா வெளியா என்ற வாதம் ஒருபுறம் நடக்க, சுட்டுத் தருமாறு வேண்டி அனைவரும் கையொப்பமிட்டனர். தாள் என்னிடம் வந்தது. பன்றி நடமாடும் இடங்களை நான் நன்கு அறிவேனாதலால், வரைபடம் வரைந்து தருமாறும் கேட்டனர்.

துப்பாக்கி என் கையில் இல்லை. சட்டமோ இடந்தருகிறது. எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்றும் வினையைத் தருமென்று கேட்டே வளர்ந்தோம். கையொப்பம் உடன்படல். வரைபடமோ அதனினும் கொடிது. அனர்த்த தண்டத்தை விளக்கும் உரையாசிரியர்கள், வேட்டுவரிடம் 'இன்ன இடத்தில் மான் உண்டு, பன்றி உண்டு' என்று சொல்லுதலையே பாவோபதேசத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றனர். பன்றியின் பெயரையே அவர்கள் சொல்லியிருப்பதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

நான் கையொப்பமிடவில்லை. அக்கம்பக்கத்தார்க்கு வருத்தம். அவர்களைக் குறை கூறவும் எனக்கு உரிமையில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, அவர்களுக்கு அந்தக் கடலையே கடன் அடைக்கும் வழி. 'உங்கள் விரதத்துக்கு எங்கள் வயிறா விலை?' என்று ஒருவர் கேட்டார். அதற்கு விடை சொல்லால் தர இயலாது என்று உணர்ந்தேன். வனவிலங்குச் சேதத்துக்கு இழப்பீடு கோரும் விண்ணப்பங்களை ஐந்து குடும்பங்களுக்கு நானே எழுதி, படம் எடுத்து இணைத்து, அலுவலகம் அலைந்தேன். என் செலவில் மேட்டில் பரண் கட்டி, இரவுக்காவலை முறை வைத்தோம். எல்லையில் ஆமணக்கு விதைத்தோம். பழைய சேலைகளைக் கட்டினோம். முடிதிருத்தகத்திலிருந்து முடியை வாங்கி வரப்போரம் தூவினோம். பன்றி மோப்பத்தால் வாழ்வது. முகரும்போது முடி மூக்கில் உறுத்த விலகுகிறது. மழை பெய்தால் மீண்டும் தூவ வேண்டும். விடுதிக்காரர்களிடம் பேசி, எச்சில் சோற்றை மூடிய தொட்டியில் இடச் செய்தோம். இதற்குத்தான் அதிக நாட்கள் பிடித்தன. இதனால்தான் அதிக நன்மையும் விளைந்தது.

இந்தப் பருவத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கடலை போயிற்று. முந்தைய பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. முன்பு என்னிடம் வயிற்றைப் பற்றிக் கேட்டவர் பரண் காவலுக்கு வருகிறார். மனுவைத் திரும்பப் பெறவில்லை. பொழுது சாயுமுன் உண்டு முடிப்பவனுக்குக் காவலிரவு சற்று நீளமானது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் கொண்டுவரும் தேநீரின் மணம் நள்ளிரவில் என் விரதத்தைச் சோதிக்கிறது.

அறுவடைக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் உள்ளன. இன்றிரவு காவல் முறை என்னுடையது. ஆகவே பிற்பகல் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரகடம் புறப்பட வேண்டும், அவையோர் பொறுத்தருள்க.